எக்ஸ்ரே படத்தில் ஒன்பது விரல்

அன்று திருப்பதியில் எக்ஸ்ரே அறையில் இருந்தவர்கள்: நான், என் நைனா, அம்மாவின் தம்பியான என் மாமா, எக்ஸ்ரே எடுப்பவர், மூலையில் கம்பியில் தொங்கிய ஓர் எலும்புக்கூடு. எலும்பு டாக்டரம்மா பக்கத்து அறையில் இருந்தார். நடுக்கதவு திறந்தே இருந்ததால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். இத்தனை பேரில் எலும்புக்கூடு ஒன்றுதான் நிம்மதியாக இருந்தது. எக்ஸ்ரே எடுப்பவர் எரிச்சலில் இருந்தார், மாமா உற்சாகத்தில் இருந்தார், நைனா சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டதா இல்லையா என்று என் எலும்பைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் சித்தூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தோம். முடிந்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சித்தூரில் ஒரு கவர்மென்ட் ஆபீஸில் எனக்கு அட்டெண்டர் வேலை. இல்லையென்றால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். எனக்குக் கவலைப்படுவது தவிர வேறு தொழில் சரியாக வரவில்லை. மாம்பழக் கூழ் டின்னில் அடைக்கிற ஃபேக்டரியில் ஒரு சீசன் இருந்தேன். மூடி சரியாக உட்கார்ந்ததா என்று நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததில், பின்னால் வந்த டின்கள் எல்லாம் தேங்கி, கடைசியில் என்னைத்தான் எடுத்து வெளியே வைத்தார்கள். வெல்ல மண்டியில் பூட்டு போடும் வேலை கொடுத்தார்கள். பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், பூட்டினேனா என்ற சந்தேகத்தில் திரும்பி வந்து இழுத்துப் பார்த்து இழுத்துப் பார்த்து, பூட்டே கையோடு வந்துவிட்டது. அட்டெண்டர் வேலை அப்படியில்லை. ஆபீசர் அறைக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது. கவலையெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். மணி அடித்தால் உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான். அந்த ஸ்டூலை நான் வெளியிலிருந்து பலமுறை பார்த்து வைத்திருந்தேன். நாலு காலும் ஆடாத ஸ்டூல்.

வயதில் எப்படிச் சிக்கல் வந்தது என்றால், அது என் கையால் வந்தது. எங்கள் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிறந்த தேதியை யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது, சேர்த்துக்கொள்வார்கள். தொடாவிட்டால் அடுத்த வருஷம். எனக்கு முதல் வருஷம் எட்டவில்லை. இரண்டாவது வருஷம் விரல் நுனி காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பயத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டதால் அதுவும் போயிற்று. மூன்றாவது வருஷம் காதைப் பிடித்தேன். அன்றைக்கு எனக்கு ஐந்து வயது என்று வாத்தியார் எழுதிக்கொண்டார். கை குட்டையா, தலை பெரிசா என்று எங்கள் வீட்டில் ரொம்ப நாள் வாதம் நடந்தது. அம்மா கை என்றாள், நைனா தலை என்றார். எப்படியானாலும் பள்ளிக்கூடக் கணக்கில் இரண்டு வயது குறைந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் வந்து, பயத்தில் நான் பள்ளிக்கூடம் பக்கமே திரும்பிப் போகாமல் நின்றுவிட்டதால், அதைத் திருத்தவும் ஆளில்லை.

வேலைக்குப் போனபோது ஆபீசர் பள்ளிக்கூடத்துக் காகிதத்தைப் பார்த்து, இதன்படி உனக்குப் பதினாறுதான் என்றார். நைனா, இல்லை சார், செவலைப் பசு வாங்கின வருஷம் பிறந்தான் என்றார். நல்ல மனிதர் அவர், சிரிக்கவில்லை. பசுவைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள ரூல் இல்லை, டாக்டர் எலும்பைப் பார்த்து வயது சொல்வார், அதை வாங்கி வாருங்கள், பதினெட்டுக்குக் குறையக் கூடாது, இருபத்தைந்துக்கு மேலும் போகக் கூடாது என்றார். சித்தூர் டாக்டர், இதற்குத் திருப்பதியில்தான் ஆள் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

எலும்புக்கு வயது தெரியும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அன்றையிலிருந்து தூக்கம் போயிற்று. மாமா எனக்கு விளக்கினார். மாமா சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. தெரியாததைச் சைக்கிளாக மாற்றித் தெரிந்துகொள்வார்.

"ஒடம்புன்னா இன்னாடா, சைக்கிள்தான். தோளு குண்டு பேரிங்கு. முட்டி கதவுக் கீலு. சின்னப் பையனா இருந்தா எலும்பு முனையில சந்து இருக்கும், பெரியவனானா மூடிக்கும். உனக்கு சந்து கீதா இல்லியான்னு பார்ப்பாங்கோ. கீதுன்னா வேலை இல்ல."

இதில் பாதி சரி என்று பின்னால் தெரிந்தது. பாதி சரியானதுதான் என்னைப் போன்றவர்களுக்கு ஆபத்து. கட்டை விரலால் என் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தேன். சந்து இருந்தது. முழங்கையில் இருந்தது. விரலில் ஒவ்வொரு மடிப்பிலும் இருந்தது. முழங்காலில் ஒரு குழந்தையையே வைக்கலாம்போல இருந்தது. எனக்குப் பதினாறுகூட ஆகவில்லை, பத்து பன்னிரண்டுதான் ஆகியிருக்கும் என்று முடிவு செய்து அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கையை நீட்டி, எனதையும் அமுக்கிப் பார் என்றாள். அமுக்கினேன். அவளுக்கும் இருந்தது.

"எனக்கும்தான் கீது சந்து. சந்து இல்லன்னா கையை எப்பிட்றா மடக்கறது? போய் வேலையைப் பாரு."

சொன்னாளே தவிர, மறுநாளிலிருந்து ஆட்டுக்கால் சாறும் கேழ்வரகுக் களியும் தட்டில் வந்தன. பிரண்டைத் துவையலும் வந்தது. எலும்பை ஒட்டவைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். சரியாக வதக்காத பிரண்டை நாக்கை அரித்துக்கொண்டே இருந்தது. எலும்பு ஒட்டுகிறதோ இல்லையோ, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாமா தன் பங்குக்கு, மேலேயிருந்து பாரம் வைத்தால் சந்து அமுங்கிவிடும் என்று என் தலையில் தவிட்டு மூட்டையை ஏற்றிக் கடையைச் சுற்றி நடக்கவிட்டார். பாரத்தில் குள்ளமாகிவிட்டால் ஆபீசர் பார்த்த உடனே சந்தேகப்படுவாரே என்று எனக்கு அது வேறு கவலை. கழுத்து வலியோடுதான் திருப்பதிக்கு வந்து சேர்ந்தேன்.

பஸ்ஸில் பாதிப் பேர் மொட்டை, மீதிப் பேர் மொட்டை போடப் போகிறவர்கள். நைனாவுக்கு என் பேரில் ஒரு பிரார்த்தனை பாக்கி இருந்தது. முதலில் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். நான் முடியாது என்றேன். மொட்டைத் தலையோடு போய் நின்றால் ஒரு வயசாவது குறைத்துத்தான் பார்ப்பார்கள். எலும்பைத்தானே பார்க்கப் போகிறார்கள் என்றார் மாமா. பார்க்கிறவர்களுக்குக் கண் இருக்கிறதே என்றேன். எனக்கு முன் சீட்டில் இருந்த மொட்டைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு எழுபது வயது இருக்கும்.

இப்போது எக்ஸ்ரே அறைக்கு வருகிறேன்.

மேசைமேல் ஒரு கறுப்புத் தட்டு. அதன் மேல் முழங்கை உள்படக் கையை விரித்து வைக்கச் சொன்னார் எக்ஸ்ரே எடுப்பவர். வைத்தேன். "செய்யி கதலகூடது" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, அசைந்தால் படம் கெட்டுவிடும் என்று தமிழிலும் சொல்லி, மரத் தடுப்புக்குப் பின்னால் போனார். அசையக் கூடாது என்று சொன்னதும் என் கைக்கு உயிர் வந்துவிட்டது. கழுவி எடுத்து வந்த படத்தில் கை இல்லை, ஊதுபத்திப் புகைதான் இருந்தது.

அதோடு ஆஸ்பத்திரி ஃபிலிம் தீர்ந்துவிட்டதாம். வெளியே மருந்துக் கடையில் வாங்கி வரச் சொன்னார். நைனா போய் வாங்கி வந்தார். அவர் முகத்தில் ஃபிலிமின் விலை எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நடுக்கம் தோள்வரை ஏறியது.

அந்த நேரம் மாமா மூலையில் எலும்புக்கூட்டின் முழங்காலை மடக்கி நீட்டி, கிரீஸ் இல்லாமல் எப்படி ஓடியிருக்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். என் நிலைமையைப் பார்த்துவிட்டு வந்தார். எக்ஸ்ரே எடுப்பவர் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டார். மாமா என் மணிக்கட்டைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் கடையில் பையன்கள் வளைந்த சக்கரத்தைக் கோட்டம் எடுக்கும்போது அவர் அப்படித்தான் வந்து பிடித்துக்கொள்வார். கை நின்றது. ஸ்விட்ச் சத்தம் கேட்டது. மாமா கையை எடுத்துக்கொண்டு எலும்புக்கூட்டிடம் திரும்பிப் போனார்.

டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வேலூர் பக்கத்துத் தமிழ் பேசினார்.

"ஏம்ப்பா, இவனுக்கு ஒரு கையில ஒன்பது விரலா?"

நைனா என் கையை எடுத்து எண்ணினார். இதுவரை யாரும் சரியாக எண்ணவில்லையோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. டாக்டரம்மா படத்தை எங்கள் பக்கம் திருப்பினார். என் கை மேல் நோக்கி இருந்தது. அதன் குறுக்கே, மணிக்கட்டைக் கட்டியதுபோல் இன்னும் நாலு விரல். அதில் ஒன்றில் மோதிரம் சுத்த வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. அது விழுந்திருந்த இடம்தான் அவர் பார்க்கவேண்டிய இடம்.

"இதுல வேலை யாருக்கு? மோதிரம் போட்டவருக்கா?"

"அது என் கை டாக்டரம்மா" என்றார் மாமா, பெருமையாகத்தான். "பையன் ஒதறிக்கினு இருந்தான். நான்தான் புடிச்சேன்."

டாக்டரம்மா மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். உங்களுக்கு நாற்பத்தைந்து இருக்குமா என்று கேட்டார்.

மாமா தனக்கு முப்பத்திரண்டு என்றார்.

"விரல் மூட்டு ஓரத்துல பாருங்க, முள்ளு முள்ளா எலும்பு வளர்ந்திருக்கு. நடுவுல இடைவெளியும் தேஞ்சுபோச்சு. முப்பத்திரண்டுல இப்படி வராது."

"அது ஸ்பேனர் புடிச்சது."

"ஸ்பேனர் எத்தனை வருஷமா புடிக்கிறீங்க?"

மாமா அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இதில் விஷயம் என்னவென்றால், மறுவாரம் பாலசமுத்திரத்தில் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. பெண் வீட்டில் முப்பத்திரண்டு என்று சொல்லியிருந்தார்கள். நாலைந்து வருஷமாகவே எல்லாப் பெண் வீட்டிலும் முப்பத்திரண்டு என்றுதான் சொல்லிவந்தார்கள்.

நைனாவுக்குக் கணக்கு மெதுவாகத்தான் வரும், ஆனால் வந்தால் நிற்காது. தம்பிக்கு நாற்பத்தைந்து என்றால் அவனைவிட ஆறு வயது பெரிய அக்காவுக்கு என்ன என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஐம்பத்தொன்று வந்தது. அவருக்கோ நாற்பத்தாறு. பெண்டாட்டி தன்னைவிட ஐந்து வயது மூத்தவள் என்று கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, திருப்பதி ஆஸ்பத்திரியில், மச்சானின் விரலிலிருந்து தெரியவந்த மனிதரின் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கோ கவலை அப்படியே திசை திரும்பியது. அம்மாவுக்கு ஐம்பத்தொன்று என்றால் என் வயதும் அதற்குத் தக்கபடி ஏறியிருக்குமே. இதுவரை பதினெட்டு ஆகவில்லையோ என்று நடுங்கியவன், இப்போது இருபத்தைந்து தாண்டிவிட்டேனோ என்று நடுங்கினேன். டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். எலும்புக்குக் குடும்பத்தோடு சேர்ந்து வயசாகாது, இன்னொரு ஃபிலிம் கொண்டுவா, உன் கை மட்டும் இருக்கட்டும் என்றார்.

இன்னொரு ஃபிலிமுக்குக் காசில்லை. நைனாவிடம் பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்தது. ஆபீசர் சொன்ன கெடு மறுநாள். வராந்தாவில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றோம். மாமாவின் இடுப்பு பெல்ட்டில் காசு இருந்தது. பெண் வீட்டுக்குப் பூ, பழம் வாங்குவதற்காக வைத்திருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும். யாரும் பெல்ட்டைப் பார்க்கவில்லை.

மாமாதான் நைனாவிடம் பேசினார்.

"மாமா, அந்தம்மா சொன்னது உன் வாயில இருந்து பாலசமுத்திரம் வரைக்கும் போவக் கூடாது. போச்சுன்னா எனக்கு இந்த ஜென்மத்துல பொண்ணு இல்ல. போவாதுன்னு சொல்லு, ஃபிலிமு நான் வாங்கிக்கினு வரேன்."

நைனா குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார்.

"எந்தம்மா? இன்னா சொன்னாங்கோ? எனக்குத்தான் காலைல இருந்து காது அடைச்சிக்கினு கீதே."

மாமா போய் ஃபிலிம் வாங்கி வந்தார்.

இந்த முறை எக்ஸ்ரே எடுப்பவர் மாமாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து ஒரு சின்ன மணல் பையை எடுத்து என் முழங்கைக்குக் கீழே கைமேல் வைத்தார். கைக்குழந்தைகளுக்கு வைப்பதாம். இதை முதலிலேயே வைத்திருக்கலாமே என்று நைனா முணுமுணுத்தார். இவ்வளவு பெரிய ஆளுக்கு வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார் அவர். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இவ்வளவு பெரிய ஆள் என்றல்லவா சொன்னார். கால் மட்டும் ஆடியது. கை ஆடவில்லை.

டாக்டரம்மா படத்தைக் காட்டிச் சொன்னதை, ஆறாம் வகுப்புப் படிப்புக்கு எட்டியவரையில் சொல்கிறேன். பிறக்கும்போது எலும்பு முழுசாக எலும்பாக இருக்காதாம். நிறைய இடம் காதுமடல் மாதிரி மெத்தென்ற குருத்துதான். அதற்குள் அங்கங்கே எலும்பு திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மணிக்கட்டில் மட்டும் சின்னச் சின்னதாக எட்டு எலும்பு. பல் முளைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக, பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். நீள எலும்புக்கு முனை தனி, தண்டு தனி. நடுவில் இருக்கிற குருத்து வளர வளரத்தான் ஆள் உயரமாகிறான். வளர்ச்சி முடிந்ததும் அந்தக் குருத்தும் எலும்பாகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முழங்கையில் முன்னாடி ஒட்டும், மணிக்கட்டில் பின்னாடி. மாமா சொன்ன சந்து இதுதான். நான் அமுக்கி அமுக்கிப் பார்த்தது மூட்டு. அது சாகிறவரை இருக்கும்.

காதைத் தொடுகிற கதையையும் நைனா அவரிடம் சொல்லிக் கேட்டார். குழந்தைக்குத் தலைதான் முதலில் பெரிதாக இருக்கும், கைகால் பிறகுதான் நீளும், சிலருக்குச் சீக்கிரம், சிலருக்கு மெதுவாக என்றார். வாதத்தில் தான் ஜெயித்ததாக நைனா எடுத்துக்கொண்டார்.

போகிற போக்கில் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிறக்கிற குழந்தைக்கு முந்நூறு துண்டு எலும்பு வரைக்கும் இருக்குமாம், பெரியவர்களுக்கு இருநூற்றாறுதானாம். மீதி எங்கே என்று கேட்டேன். ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும் என்றார். என்னுடையது எல்லாம் சேர்ந்துதான் போயிற்றா, எங்காவது விழுந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு நைனாவிடம் கேட்டார்.

"இப்படித்தான் வீட்லயும் இருப்பானா?"

"இன்னிக்குக் கொஞ்சம் பரவால்ல" என்றார் நைனா.

முழங்கை மூடிவிட்டது, மணிக்கட்டும் மூடி மயிரிழை மாதிரி ஒரு கோடுதான் பாக்கி, பதினெட்டு முடிந்துவிட்டது, இருபது ஆகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்டூல் எனக்குக் கிடைத்துவிட்டது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், அப்படியானால் இனிமேல் நான் வளரமாட்டேனா என்று கேட்டேன். மாமா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். ஆனால் டாக்டரம்மா பின்னாலிருந்து பதில் சொன்னார். கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடுகிற காறை எலும்பு இருக்கிறதே, தாய் வயிற்றில் முதலில் எலும்பாக ஆரம்பிப்பது அதுதான், கடைசியில் மூடுவதும் அதுதான், இருபத்தைந்து வரைக்கும் அங்கே வேலை நடக்கும் என்றார். அதன் பிறகு பல வருஷம் கவலை வரும்போதெல்லாம் காறை எலும்பில் கை வைத்துக்கொள்வேன். ஏதோ என்னை நம்பி இன்னும் முடிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணம்.

மலைக்குப் போய் முடி கொடுத்தோம். மாமா கொடுக்கவில்லை, மறுவாரம் பெண் பார்க்கப் போகவேண்டுமே. மறுநாள் ஆபீஸில் என் மொட்டையைப் பார்த்துவிட்டு ஆபீசர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். இருந்தாலும் சேர்த்துக்கொண்டார். மாமாவுக்கும் பாலசமுத்திரத்துப் பெண்ணே அமைந்தது, முப்பத்திரண்டு வயதிலேயே. நைனா வாய் திறக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் ஒருநாள் மெதுவாக, உனக்கு என்ன வயசு என்று கேட்டார். இப்ப தெரிஞ்சி யாருக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் போற என்று அவள் கேட்டதோடு சரி.

தகராறு ஃபிலிம் காசில்தான். மாமா அதைக் கடன் என்றார். நைனா அது வாயை மூடிக்கொண்டதற்குக் கூலி என்றார். கல்யாணப் பந்தியிலேயே ஒருமுறை இந்தப் பேச்சு வந்து, பெண் வீட்டார் என்ன ஃபிலிம் என்று கேட்க, இரண்டு பேரும் ஒன்றாகச் சினிமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். முதல் மாதச் சம்பளத்தில் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா தொடவில்லை. நீ குடுத்தா உங்க நைனா குடுத்ததா ஆவாது என்றார். நைனாவும் கொடுக்கவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் எனக்கு இது ஒரு முள். படத்துக்குக் காசு கொடுக்கவில்லை என்றால் படம் நம்முடையது இல்லை; படம் நம்முடையது இல்லை என்றால் அதில் வந்த வயது எப்படி நம்முடையதாகும்? யாராவது வந்து எழுந்திரு என்றால்? மணி அடிக்கும்போதெல்லாம் அதுதானோ என்று நினைத்துக்கொண்டே உள்ளே போவேன். காபி வாங்கி வரச் சொல்வார்கள். ரிட்டையராகி வந்த பிறகும் கணக்கு அப்படியே நிற்கிறது. நைனா போய்விட்டார். மாமா இருக்கிறார், வயது கேட்டால் இப்போதும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறார். என் பதினெட்டு வயதுக்கு இன்னும் பாக்கி, ஏழு ரூபாய் இருபத்தைந்து காசு.